மட்கார்டு அண்ணாச்சி கண்டுபிடித்த கார்

உலகத்தில் எடுத்த கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளை முகத்தையே பார்க்காமல், பின்னால் நிற்கும் காரை மட்டும் பார்த்த ஒரே பிறவி எங்கள் மட்கார்டு அண்ணாச்சிதான். அடித்துச் சொல்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்தபோது அவர் மேனேஜர். சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டம்மாவே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. டவுன் பஸ்ஸில் வருவார். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஆனால் பழுப்பேறிய போட்டோ ஒன்றை நீட்டினால் போதும், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி வந்துவிடும். முதலில் விளக்கு: கார்பைடா, கரண்டா. அடுத்து சக்கரத்து ஆரக்கால்: மரமா, இரும்பா. அப்புறம் மட்கார்டு, தட்டையா, வளைவா. நேரமிருந்தால் மனிதர்கள்.

ஒருநாள் எங்கள் ஆபீஸ் செல்வம் தன் குடும்பப் படத்தைக் கொண்டுவந்தான்.

"இந்தக் கெழவரு யாருலே குறுக்க? விளக்க மறைச்சிட்டு நிக்காரு."

"அண்ணாச்சி, அது எங்க தாத்தா."

"இருக்கட்டும்லே. கொஞ்சம் தள்ளி நின்னா என்ன, கொறைஞ்சா போயிருவாரு?"

துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போவது அதைவிட ஆபத்து. ஒரு வீட்டில் இறந்தவர் படத்துக்குப் போட்டிருந்த மாலையை ஒதுக்கி, "மரச் சக்கரம்! மரச் சக்கரம்!" என்று கண்கலங்கிவிட்டார். ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து அந்த வீட்டுப் பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

இப்பேர்ப்பட்டவரை என் கல்யாண விஷயத்தில் நானே இழுத்துவிட்டேன். வேறு வழியில்லை.

எனக்குப் பேசி முடித்த பெண் ஜெயா, சாத்தான்குளத்துக்காரி. அவள் அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த வீடு. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், அவர்கள் அப்பாவின் கார். பெரியவரான ஜெயாவின் அப்பா சின்ன வயதில் விளாத்திகுளத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். அந்தச் சமயத்தில் தம்பி காரை அமுக்கிவிட்டான் என்பது அவர் கட்சி. கார் அண்ணனோடு விளாத்திகுளம் போய்விட்டது என்பது தம்பி கட்சி. இரண்டு பேருமே காரைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பெரியவர் வீட்டு ஹாலில் தொங்கிய போட்டோ மட்டும்தான். அதில் அவர்கள் அப்பா முறுக்கிய மீசையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார்.

"தம்பி படியேறினா நான் எறங்கிருவேன்" என்றார் என் வருங்கால மாமனார். "சித்தப்பா வராம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள் ஜெயா. நடுவில் நான், அச்சடித்த பத்திரிகைக் கட்டோடு.

போட்டோவில் நம்பர் பிளேட் தெரிந்தால் வண்டி யார் கைக்குப் போனதென்று விசாரிக்கலாமே என்று அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். தீர்ப்புக் கேட்கத் தம்பியும் வாசல் வரை வந்து நின்றார். அண்ணனும் தம்பியும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு ஜெயா மூலமாகத்தான் பேசினார்கள்.

"ஏளா, ஒன் சித்தப்பன வெயில்ல நிக்காண்டாம்னு சொல்லு."

"எனக்கு வெயில் ஒண்ணும் புதுசில்லன்னு ஒங்கப்பாட்ட சொல்லு."

அண்ணாச்சி படத்தைக் கழற்றி மடியில் வைத்தார். பூதக்கண்ணாடி விளக்கில் நின்றது, சக்கரத்துக்கு இறங்கியது, மட்கார்டில் ஊர்ந்தது.

"நம்பர் பிளேட் இல்ல" என்றார்.

"அந்தக் காலத்துல எவன் கேட்டான்?" என்றார் மாமனார்.

"அந்தப் பக்கத்துச் சக்கரமும் இல்ல."

"மறைஞ்சிருக்கும்வே!"

"வண்டிக்கு அடியில பாருங்க. சக்கரம் தெரிய வேண்டிய எடத்துல ஸ்டூல் காலு தெரியுது. இது காரே இல்ல. திருவிழா ஸ்டூடியோக்காரன் வரைஞ்சு வச்ச அட்டை. ஒங்கப்பா அதுக்குப் பின்னால ஸ்டூல்ல உக்காந்திருக்காரு." பிறகு தாராள மனதோடு, "ஆனா மட்கார்டு அருமையா வரைஞ்சிருக்கான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கல்யாணம் அவ்வளவுதான்.

"எங்கப்பாவ ஸ்டூல்ல உக்கார வச்சிட்டானே படுபாவி!" என்று மாமனார் எழுந்தார்.

"விடாதண்ணே, பிடி! நான் இந்தப் பக்கம் மறிக்கேன்!" என்று தம்பி ஒரே தாவலில் உள்ளே வந்தார்.

அண்ணாச்சி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். பின்னால் பெரியவர், எதிரே சின்னவர், "ஐயோ, கண்ணாடி ஒடைஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டு நான். கடைசியில் இரண்டு பேரும் மூச்சிரைக்க ஒரே பெஞ்சில் சாய்ந்தார்கள்.

"தண்ணி குடிக்கியாலே?" என்றார் அண்ணன்.

"நீ மொதல்ல குடிண்ணே" என்றார் தம்பி.

சொன்ன பிறகுதான் பேசிவிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. சின்னவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஜெயா சுவரோரம் உட்கார்ந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நின்று வரவேற்றார்கள். அட்டை விஷயம் வெளியே வந்துவிடக் கூடாதென்று, பந்தியில் அண்ணாச்சியை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் காவல். எனக்கும் பயம்தான். காரைப் பற்றி அந்த மனுஷன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதிர் வரிசையிலிருந்து ஒரு சொந்தக்காரர் சரியாக அதையே கேட்டுத் தொலைத்தார்.

"அண்ணாச்சி, போட்டோவுல உள்ள பெரியவரு வண்டியப் பாத்தீங்களாமே. எப்படிப்பட்ட வண்டி?"

அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டிகளை அல்ல, மனிதர்களின் முகங்களை.

"அருமையான வண்டி. கடைசி வரைக்கும் ஒரு ரிப்பேர் வரல."

மாமனார் பாயச வாளியை வாங்கித் தன் கையாலேயே அவர் இலையில் ஊற்றினார். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சாப்பிட்ட கை முழுக்கப் பாயசம், அப்படியே எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன்.