திரையில் ஏறிய என் கவலை

கவலைப்படுகிறவன் கையில் மைக் கொடுக்கக் கூடாது. இது எனக்கு என் தங்கை கவிதாவின் கல்யாண விருந்தில் தெரிந்தது. ஜார்ஜ் டவுன் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே நிமிடத்தில் தெரிந்தது.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கைப்பேசியில் எழுத்தைத் தேடித் தட்டுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். யாருக்கானாலும் குரல்செய்திதான். அதை நம்பித்தான் தங்கை எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். வர முடியாத சொந்தக்காரர்களின் வாழ்த்துகளை நான் கைப்பேசியில் வாசிப்பேன். மேடையோரக் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்கிப் பெரிய திரையில் காட்டும்.

"கம்ப்யூட்டரைத் தொடவே வேணாம்ணே. கடைசி மேசையில உட்கார்ந்துக்கிட்டே செய்யலாம். இந்த மைக் படத்தை அமுக்கிட்டுப் பேசுங்க, போதும்லா."

(குரல்செய்தி அனுப்பும் இடத்திலும் அச்சு அசலாக அதே மைக் படம்தான். அவளும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

பாலிக் புலாவ் மாமாவின் வாழ்த்து அழகாகத் திரையேறியது. கைதட்டல்கூட வந்தது. அந்தத் தெம்பில் திரைக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருந்த சாப்பாட்டுப் பக்கம் திரும்பினேன். ஆட்டிறைச்சிப் பெரட்டல் பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டிக்கொண்டிருந்தது. பாகான் டாலாமிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அவர்களுக்கு இறைச்சி இல்லையென்றால், என் தங்கை காலத்துக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும்.

முன்வரிசையில் இருந்த என் மனைவி சாந்திக்குச் சொல்வதாக நினைத்து, மைக் படத்தை அமுக்கிக் கிசுகிசுத்தேன்.

"சாந்தி, எறச்சி பத்தாது. நம்ம ஆளுங்க யாரும் எடுக்க வேணாம்னு சொல்லு. பருப்பு ஊத்திச் சாப்பிடட்டும்."

சாப்பாட்டு வரிசையில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து, என் தலைக்கு மேலே எதையோ பார்த்து முகம் மாறினார். இறைச்சியைப் பார்த்துத்தான் மாறினார் என்று நான் முடிவுகட்டினேன்.

"மாப்பிள்ளையோட அம்மா உர்ருன்னு இருக்காங்க. தெரிஞ்சிருச்சு போல."

முதுகுக்குப் பின்னால் மண்டபமே சிரித்தது. திரும்பிப் பார்க்கப் பயம். கையால் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடி கேட்டேன்:

"சாந்தி, ஏன் எல்லாம் சிரிக்கிறாங்க? என் சிலுவார் கிழிஞ்சிருக்கா?"

சிரிப்பு கூரையைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன். மாமாவின் வாழ்த்துக்குக் கீழே, எறச்சியிலிருந்து சிலுவார் வரை, ஒரு சொல் விடாமல், ஆளுயர எழுத்தில் நின்றது. மேசைக்கடியில் புகுந்துவிடலாமா என்று யோசித்தேன். (யோசித்தது மட்டும் திரையில் வரவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம்.)

மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, என் முகம் பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். கல்யாணப் படத்துலயும் உர்ருன்னுதான் இருப்பேன்."

பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எடுத்தவர்கள் பேசாமல் உட்காரட்டும், பெண் வீட்டாரை முதலில் சாப்பிட விடுங்கள் என்று உத்தரவு போட்டார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? நீங்க எடுங்க, இல்லை நீங்க எடுங்க என்று இரண்டு வீட்டாரும் மல்லுக்கட்டியதில் யாருமே சரியாக எடுக்கவில்லை. கடைசியில் பெரட்டல் மிஞ்சிவிட்டது. அதில் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்து, நான் மென்று முடிக்கும்வரை அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் இரண்டு வீட்டையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு குழு ஆரம்பித்தவரும் அவர்தான். பெயர் வைத்தவரும் அவர்தான். மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றபோது, நான் தாய்மாமன் ஆன சேதியைக் கைப்பேசி இப்படித்தான் காட்டியது:

"சிலுவார் கிழிஞ்சிருக்கா: அம்மாவும் பிள்ளையும் நலம்."