முட்டைக் கமிட்டியும் என் தேக்கு உத்திரமும்

ரோமாபுரியிலிருந்து பாப்பரசரே நடந்து வந்து கேட்டாலும் என் தேக்கு உத்திரத்தைக் கொடுப்பதில்லை என்று அந்த வருடம் நான் ஒரு சபதம் எடுத்தேன்.

அது சாதாரண உத்திரம் இல்லை. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன சமயத்தில் அங்கே ஒரு துரை வீட்டை இடித்தார்கள். அதன் உத்திரத்தை ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, எங்கள் சவரியார்பாக்கம் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து இறக்கினேன். அதைப் போட்டு மெத்தை வீடு கட்டுவதாகத் திட்டம். ஊரிலேயே முதல் மெத்தை வீடு. மாடியில் நின்று ஊரை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். இப்போதே நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்பாள் என் மனைவி அடைக்கலமேரி. அவளுக்கு என்ன தெரியும்? தரையில் நின்று பார்த்தால் திமிர் என்பார்கள். மாடியில் நின்று பார்த்தால் அந்தஸ்து.

நான் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டித் தரகன். பெயர் இன்னாசிமுத்து. எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உத்திரத்துக்கு ஆபத்து வந்தது கோயிலால். எங்கள் சவேரியார் கோயில் நூறு வருடத்துக்கு மேற்பட்டது. ஐப்பசி மழையில் அதன் நடு உத்திரம் கரையான் அரித்து உட்கார்ந்துவிட்டது. பனைமரத்தை முட்டுக் கொடுத்தார்கள். ஓடு சரிந்து பெண்கள் பக்கம் ஒழுக ஆரம்பித்தது. ஆண்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அதனால் கோயில் ஒழுகுவது மூன்று மாதம் ஊருக்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் சுவர்க்காரை சோற்றுத்தட்டு அளவுக்குப் பெயர்ந்து, மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் தோளில் விழுந்தது. அவர் ஆண். உடனே கூட்டம் போட்டார்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். வாரி வாரி வழங்கினார்கள். எல்லாம் யோசனைகள். யோசனை சொன்ன ஒவ்வொருவனும் கையை என் வீட்டுப் பக்கமே நீட்டினான்.

என் பக்கத்து வீட்டு அப்பாதுரை பள்ளிக்கூட வாத்தியார். பிறத்தியார் சொத்தைத் தானம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எழுந்து நின்றார்.

“சாமி, இன்னாசிமுத்து வூட்டு முத்தத்துல ஒரு தேக்கு உத்தரம் சும்மா படுத்துக்கினு இருக்குது. அது எழுந்து நின்னா கோயிலும் எழுந்து நின்னுடும்.”

பங்குச் சாமியார் இளவயசு. என்னைப் பார்த்தார். ஊரே பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அடைக்கலம் பார்த்த பார்வைதான் அதில் மோசம்.

நல்ல வேளையாக அப்போது கொத்தனார் வாயைத் திறந்தார். பழைய சுவருக்குப் பழைய முறையில்தான் பூச வேண்டுமாம். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், அதோடு கூடை கூடையாக முட்டையின் வெள்ளைக்கரு. அப்போதுதான் கண்ணாடி மாதிரி பளபளக்குமாம். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்குவதற்குள் கோயிலே விழுந்துவிடும்.

பிடித்துக்கொண்டேன்.

“சாமி! உத்தரம் எங்க ஓடிடப் போவுது? மொதல்ல செவுரு! தவக்காலம் பொறக்கப் போவுது. எந்த வூட்லயும் முட்டை தொடமாட்டாங்க. கோழிக்குத் தவக்காலம் கெடையாது, அதும்பாட்டுக்கு முட்டை போடும். அத்தனையும் கோயிலுக்குக் குடுப்போம். முட்டைக் கமிட்டிக்கு நானே தலைவரா இருக்கறேன்.”

கை தட்டினார்கள். கூரை ஒழுகும்போது சுவருக்கு மெருகு போடலாம் என்று ஒருவன் சொல்ல, ஊரே கை தட்டுகிறதென்றால் அந்த ஊரை மாடியிலிருந்து பார்க்காமல் வேறு எப்படிப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலம் ஆரம்பித்தாள்.

“ஏங்க, மழை பேஞ்சா நாங்க தலைல முறத்தைக் கவுத்துக்கினு பூசை காணறோம். உங்களுக்கு உத்தரம் பெருசாப் போச்சா?”

“மோட்சத்துக்குப் போற பொம்பளைங்க கொஞ்சம் நனைஞ்சா இன்னாமே?”

“எனக்காவ ஒரு தடவை மனசு வைக்கக் கூடாதா?”

“உனக்காவத்தான் மெத்தை வூடு.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

தவக்காலம் பிறந்தது. முட்டைகள் வந்தன. எங்கள் தோட்டத்தில்தான் உடைப்பு. பெண்கள் உட்கார்ந்து முட்டையை உடைத்து, வெள்ளையைப் பானையில் விட்டுக் கோயிலுக்கு அனுப்புவார்கள். ஊர்க்காரர்களின் பக்தியை அந்தப் பானையில்தான் பார்க்க வேண்டும். ஒரு பெரிய மனிதர் கூடை நிறையக் கொடுத்தார். பாதி கூமுட்டை. சர்வேசுரன் பார்க்கமாட்டார் என்று நினைத்திருக்கிறார். கொத்தனார் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

மஞ்சள் கரு என்னவாகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கோ தட்டில் ஒரு முட்டையாவது இல்லாவிட்டால் சோறு இறங்காது. சாம்பல் புதன் தாண்டி மூன்றாம் நாளே நாக்கு செத்துவிட்டது. நான்காம் நாள் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அடைக்கலம், அந்த மஞ்சக்கருவ இன்னா பண்றீங்க?”

“இன்னா பண்றது? தவக்காலத்துல யாரு தொடுவா?”

“கோழி கறி. ஒத்துக்கறேன். முட்டை கறியா? கால் இருக்குதா, றெக்கை இருக்குதா?”

“கறி இல்லதான். ஆனா முட்டையாச்சே.”

“அதுல வெள்ளைதான் கோயிலுக்குப் போயிடுச்சே! பாதி போனப்புறம் மிச்சம் எப்பிடி முட்டையாவும்? மாடு இல்லாத வண்டிய யாராவது மாட்டு வண்டின்னு சொல்வாங்களா?”

அடைக்கலம் யோசித்தாள். இருபது வருடத்தில் என் வாதத்தைக் கேட்டு அவள் யோசித்தது அதுதான் முதல் தடவை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

“சரிங்க. உங்களுக்கு மட்டும் உருட்டிப் போட்டுக் கொழம்பு வைக்கறேன். ஆனா வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கினு உள்ளாற உக்காந்து ஜல்தியா சாப்புட்டுடணும்.”

“சாத்திடு. ஒட்டடைக்குக் கூடத் தெரியக்கூடாது.”

அன்றைக்கு மத்தியானமே குழம்பு வந்தது. அடடா! இருட்டறையில், தட்டில் மஞ்சள் மஞ்சளாக உருண்டைகள். மிளகும் பூண்டும் பட்டையும் தூக்கலாக அரைத்துவிட்ட குழம்பு. வாயில் போட்டால் கரைந்தது. ஊரே சுண்டைக்காயும் கத்தரிக்காயும் தின்று தவம் செய்துகொண்டிருக்க, கமிட்டித் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் தட்டு வாங்கினார்.

ஒருநாள் சந்தேகம் வந்தது.

“இன்னாமே, லேசாத் தித்திக்குதே?”

“சுண்ணாம்புல போட வெல்லம் இடிச்சோமில்ல? கை பட்டிருக்கும். புடிக்கலன்னா வெக்கலைங்க.”

“புடிக்கலன்னு யாரு சொன்னா? இன்னும் ரெண்டு போடு!”

இன்னொரு நாள் வாய் நிறைய உருண்டையை வைத்துக்கொண்டிருக்கும்போது அப்பாதுரை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடைக்கலம்தான் போய், “உள்ள ஜெபத்துல இருக்காருங்க” என்றாள். அப்பாதுரை அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கும் புண்ணியவான் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. குருத்து ஞாயிறு வருவதற்குள் என் கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. கோயில் சுவரைக் காட்டிலும் மெருகு.

அப்புறம்தான் பேஜாரு. பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும்.

“இந்தத் தடவை வேணாம், அடைக்கலம். எனக்குத் தலைவலி.”

“நல்லாக் கீது! கமிட்டித் தலைவரு பூசைல நன்மை அப்பம் வாங்கலன்னா ஊரு இன்னா பேசும்? போங்க. போய் ஒண்ணையும் மறைக்காம சொல்லுங்க. மறைச்சா அது வேற சாவான பாவம்.”

போனேன். சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் முன்னால் தள்ளினேன். எடையில் கொஞ்சம் தில்லுமுல்லு, பக்கத்து வீட்டுக்காரர்மேல் கோபம். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மஞ்சள் கருவை அவிழ்த்தேன்.

“தவக்காலத்துல தின்னது ஒரு பாவம்,” என்றார் சாமியார் மெதுவாக. “அதுக்கு ஜெபமாலை சொல்லலாம். ஆனா அது கோயிலுக்கு வந்த காணிக்கையாச்சே. பிறத்தியார் பொருளை எடுத்தா திருப்பிக் குடுக்கணும். எத்தினி தின்னே?”

“எண்ணல சாமி.”

“எண்ணாம தின்னதுக்கு எண்ணாம குடு.”

“மண்டிலேர்ந்து ஒரு மூட்டை மல்லாட்டை...”

“கோயிலுக்கு மல்லாட்டை எதுக்கு?”

“கொண்டை வச்ச சேவல் ஒண்ணு இருக்குது சாமி...”

“சேவல் கூரையைத் தாங்குமா?”

வாழ்நாள் முழுக்கத் தரகு செய்தவன் நான். மல்லாட்டையில் படியாத பேரம் கிடையாது. அந்தச் சின்ன வயசுச் சாமியாரிடம் மண்டியிட்ட இடத்திலேயே தோற்றுப்போனேன். வெளியே வந்தபோது என் பாவம் போயிருந்தது. உத்திரமும் போயிருந்தது.

மறுநாள் இருபது பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். “இன்னாசிமுத்து தானா மனசு எறங்கிட்டாருப்பா! எல்லாம் ஜெபத்தோட மகிமை!” என்றார் அப்பாதுரை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன். கை வைத்தது வலிக்காக. என் மெத்தை வீடு என் கண் முன்னாலேயே கோயிலுக்குள் நுழைந்து, மேலே ஏறி, பெண்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டது. அழுகை அழுகையாக வந்தது. அதையும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். முட்டாள் ஊர்.

பாஸ்கா அன்று பூசை. சுவர் பளபளத்தது. உத்திரம் நிமிர்ந்து நின்றது. சாமியார் பிரசங்கத்தின் முடிவில் எனக்கு நன்றி சொன்னார். தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இன்னொரு ஆளுக்கும் நன்றி சொல்லணும். சுண்ணாம்புக்கும் கொத்தனார் கூலிக்கும் வழியில்லாம இருந்தோம். நம்ம அடைக்கலமேரி தினம் காலைல மஞ்சக்கரு அத்தனையும் தூக்குல ஊத்தி, மொதல் பஸ்ஸுல திண்டிவனம் மிலிட்டரி ஓட்டலுக்கு அனுப்பி வித்து, பணத்தைக் கோயில்ல சேர்த்தாங்க. ஒரு மஞ்சக்கரு கூட வீணாவல.”

ஊர் கை தட்டியது. எனக்குக் காது அடைத்தது. அத்தனையும் விற்றாளா? ஒன்றுகூட வீணாகவில்லையா?

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடித்தேன்.

“மஞ்சக்கரு எல்லாத்தையுமா வித்தே?”

“எல்லாத்தையும்.”

“அப்போ நான் தின்னது?”

“பறங்கிக்காய். வேகவச்சி, கடலமாவு போட்டு உருட்டனது. தவக்காலத்துல புருஷனுக்கு முட்டை ஆக்கிப் போட்டு நரகத்துக்குப் போறதுக்கு நான் இன்னா பைத்தியமா?”

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. நாற்பது நாளும் பறங்கிக்காய் தின்று சுத்தமாகத் தவம் இருந்திருக்கிறேன்! செய்யாத பாவத்துக்கு ஒரு தேக்கு மரம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மேல்துண்டைத் தேடினேன்.

“இப்பவே சாமியார்கிட்ட போறேன். நான் மஞ்சக்கருவே திங்கல, உத்தரத்தை எறக்குங்கன்னு கேக்கறேன்!”

அடைக்கலம் துண்டை எடுத்துத் தந்தாள். அவளே வாசல் கதவையும் திறந்துவிட்டாள்.

“நல்லாப் போய்ட்டு வாங்க. அப்பிடியே பாவசங்கீர்த்தனத்துல பொய் சொன்னா இன்னா ஈடு குடுக்கணும்னும் கேட்டுக்கினு வாங்க. நம்மகிட்ட இன்னும் வண்டியும் மாடும் இருக்குது.”