பன்னிரண்டு குறிப்பு, பதினொரு படம்

எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவன் எதிலும் தவறமாட்டான் என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பினேன். இன்று நாற்பத்தொன்பது. இன்னும் தினமும் டயரி எழுதுகிறேன். அந்த நம்பிக்கை மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலில், தங்கை கல்யாணத்தன்று, கருங்கல் ஊரில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே போய்விட்டது.

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த செல்லையா அத்தான் ஒரு ஜப்பான் கேமரா கொண்டுவந்திருந்தார். மூடினால் கனத்த புத்தகம் அளவு. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, ஆர்மோனியத் துருத்தி போன்ற கறுப்பு மடிப்புகளோடு கண்ணாடி வெளியே நீளும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், முதுகிலுள்ள சிவப்புச் சன்னலில் அடுத்த எண் தெரியும்வரை நாமே குமிழைத் திருகி பிலிமைச் சுற்றவேண்டும். மறந்தால் எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படமும் விழுந்துவிடும்.

"மறக்கமாட்டியே, மக்கா?" என்று கேட்டுத்தான் அத்தான் கேமராவைக் கையில் கொடுத்தார்.

நான் சிரித்தேன். (மறப்பதா! நானா!) டயரியில் அளவுகோல் வைத்து நான்கு கட்டம் வரைந்திருந்தேன்: எண், யார், வெளிச்சம், சுற்றியாச்சா. கடைசிக் கட்டத்தில் சரிக்குறி விழுந்த பிறகே அடுத்த படம்.

அம்மா கேட்டது ஒரே ஒரு படம். அவளுடைய அண்ணனும் தம்பியும் மணமக்களோடு சேர்ந்து நிற்கவேண்டும். நடக்காத காரியம் அது ஒன்றுதான். தோட்டத்து எல்லையில் நின்ற ஒரு வரிக்கைப் பலா மரத்துக்காக இரண்டு மாமாக்களுக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை. (நான்காம் வருடமே மரம் இடி விழுந்து பட்டுப்போனது. சண்டை மட்டும் பசுமையாக நின்றது.)

"அவன் நிக்க படத்திலே நான் நிக்கமாட்டேன்" என்றார் பெரிய மாமா.

"அவரு நின்ன எடத்திலேகூட நான் நிக்கமாட்டேன்" என்றார் சின்ன மாமா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செரி மக்கா, தனித்தனியா எடு."

கறுப்புக் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் மணமக்களை நாற்காலிகளில் உட்காரவைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பெரிய மாமா வலப்பக்கம் வந்து நின்றார். கிளிக். 'ஏழு. பெரிய மாமா' என்று எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இதுக்குக் கீழே ஆருக்க பேரு வரும்?"

"சின்ன மாமாவுக்க பேரு."

"எனக்க பேருக்கு அடியிலே அவனுக்க பேரா? வேற தாள்லே எழுதுலே!"

கல்யாண வீட்டில் தாய்மாமனோடு வாதாட முடியுமா? பக்கத்தைப் புரட்டினேன். புதிதாக நான்கு கட்டம் வரைந்தேன். (அளவுகோல் வைத்துத்தான்.) சரிக்குறி போடவேண்டிய கட்டம் பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது; சுற்றவேண்டிய பிலிமும் சுற்றாமலே தங்கிவிட்டது. சின்ன மாமா சொன்னபடியே இடப்பக்கம் போய் நின்றார். கிளிக்.

அதற்குப் பிறகாவது சிவப்புச் சன்னலில் தெரிந்தது என்ன எண் என்று பார்த்திருக்கலாம். ஏதோ ஒரு எண் வந்தால் போதும், கணக்குக்கு டயரி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். டயரியில் பன்னிரண்டும் முடிந்தபோது, சன்னலில் இன்னும் ஒரு படம் பாக்கி என்று காட்டியது. எந்த இரண்டு படம் ஒன்றாகிவிட்டது? பழைய பக்கத்தைப் புரட்டினேன். ஏழாம் எண்ணுக்கு நேரே கட்டம் காலி.

அம்மாவிடம் சொல்லவில்லை. சுருளை மார்த்தாண்டத்து ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, ஆறாம் நாள் படங்களை வாங்கப் போனேன். ஸ்டுடியோக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சாரே, கல்யாணப் பொண்ணுக்கு நாலு கையா?"

ஆமாம், நான்கு கை. இரண்டு மடியில், இரண்டு மாலையில். இரண்டு முறை ஒளி பட்டதில் மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளாவி வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. ஆனால் கறுப்புக் கம்பளியின் புண்ணியத்தில் (கறுப்பு பிலிமில் பதியாது) வலப்பக்கம் பெரிய மாமா, இடப்பக்கம் சின்ன மாமா, ஒரு குறையுமின்றி நின்றார்கள். ஒரே படத்தில்!

அம்மா நான்கு கைகளைக் கவனிக்கவே இல்லை. மறுநாளே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டாள்.

செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மாமா வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சின்ன மாமாவும் வந்துவிட்டார். இருவரும் படத்தின் முன்னால் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, நான் இவன்கூட நின்னேனா? சொல்லுலே!"

"அண்ணன் சொல்லது செரிதான். நாங்க நிக்கல்ல. இவன் கள்ளப்படம் எடுத்திருக்கான்!"

"படிச்ச பயலுக்க வேலையைப் பாத்தியா தம்பி?"

தாங்கள் என்ன சொன்னோம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடியே வந்தாள்.

"அண்ணன்னு விளிச்சாச்சு, தம்பின்னும் விளிச்சாச்சு. இனி ரெண்டுபேரும் சாப்பிட்டுட்டுப் போனா மதி."

பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். என்னைத் திட்டித் தீர்க்க இரண்டு தடவை சோறும் ஒரு தடவை பாயசமும் தேவைப்பட்டன. அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் திட்டும் வாங்கியதில்லை. அன்றிரவு டயரியைத் திறந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தேன். காலியாகவே விட்டுவிட்டேன்.

போன மாதம் என் மகள் கல்யாணத்தில், பந்தி விஷயமாக முறைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் இருவர் சேர்ந்து படமெடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அந்த நான்கு கை மணப்பெண்ணான என் தங்கை நேராகப் போட்டோக்காரரிடம் போனாள்.

"இவங்களைத் தனித்தனியாவே எடுங்க அண்ணே. ஆனா நடுவிலே பிலிமைச் சுத்தாதீங்க."