வியாழக்கிழமை வகுப்பிலிருந்து விடுதலை கேட்டு

நைவாகா கிராமம்,
சவுசவு தபால்.
திங்கட்கிழமை.

அன்பும் அறிவும் பதவி உயர்வும் ஒருங்கே பெற்று, சுவா நகரில் கல்வித்துறை அலுவலகத்தின் ஏ.சி. அறையில் வீற்றிருக்கும் மச்சான் நெமானிக்கு, அபிசாய் எழுதிக்கொண்டது. இங்கே உன் தங்கை லூசியானா நலம். பன்றிகள் இரண்டும் நலம். சேப்பங்கிழங்கு இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. தேவாலயக் கூரை மட்டும் ஒழுகுகிறது, அதுவும் வழக்கம்போல் ஆண்கள் உட்காரும் பக்கம்தான். உன் மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய நலத்துக்காகவும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உன் நலத்துக்காக இந்த வாரம் வேண்டிக்கொள்ளவில்லை. காரணம் கீழே வருகிறது.

நீ இங்கே தலைமையாசிரியராக இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய மீனை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, என் தோளில் கை போட்டு என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "மச்சான், நீ ரிட்டயராகி சும்மாதானே உட்கார்ந்திருக்கே. பிள்ளைங்க தாங்களே யோசிச்சு, தாங்களே வரைஞ்சு, கையால செஞ்சு பார்க்கணும்னு புதுசா ஒரு வகுப்பு வந்திருக்கு. அதை நடத்த ஒரு என்ஜினியர் வேணும். வியாழக்கிழமை ஒரே ஒரு மணி நேரம், அவ்வளவுதான்" என்றாய். முப்பத்தொரு வருடம் இந்தத் தீவில் ரோடும் பாலமும் போட்டவனுக்குக் காகிதத்தில் பொம்மை செய்யும் பிள்ளைகள் எம்மாத்திரம் என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் நீ கப்பலேறிவிட்டாய். அதற்கடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. உள்ளே காகிதம், ஒட்டுகிற டேப், நூல்கண்டு, கத்தரிக்கோல், கூடவே என் நிம்மதியைக் குலைப்பதற்கென்றே அச்சடித்த ஒரு வழிகாட்டிப் புத்தகம்.

முதல் வியாழக்கிழமை, பத்துத் தாள்களை வைத்து யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் பத்தொன்பது பேர். நான் கரும்பலகையில் ஒரு நல்ல கோபுரத்தை அளவோடு வரைந்து, "இதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், சத்தம் வரக் கூடாது" என்றேன். ஐந்து குழு, ஐந்து கோபுரம், ஐந்தும் ஒரே அச்சு. சத்தமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கும் தலைமையாசிரியை உனைசி வாசலில் நின்று பார்த்துவிட்டு, புத்தகத்தின் நான்காம் பக்கத்தைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். நடத்துகிறவர் விடை சொல்லக் கூடாதாம், பிள்ளைகளின் பொருளைத் தன் கையால் தொடக் கூடாதாம், கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டுமாம். சரி, கேள்விதானே என்று ஒரு பையன் பக்கத்தில் போய், "இதை ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். வேலைத்தளத்தில் கேட்ட குரலிலேயே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. உனைசி என்னைத் தனியே கூப்பிட்டு, "கேள்வி கேட்கச் சொன்னேன், விசாரணை பண்ணச் சொல்லலை" என்றார்.

மூன்றாவது வாரம், அம்மாவின் நடையைக் குறைக்கிற ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. கேட்கவே நன்றாக இருந்தது. வைசேயா என்று ஒரு பையன், ஆறாம் வகுப்பு, காது வரை சிரிப்பவன், அவனும் அவன் குழுவும், அம்மாக்கள் முறைவைத்துச் சமைக்கும் பள்ளிச் சமையல்கொட்டகையிலிருந்து சாப்பாட்டு அறைவரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் கப்பி போட்டு, வாளியைத் தொங்கவிட்டார்கள். கம்பியின் சரிவு அதிகம் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் சொல்லக் கூடாதே! "வாளி எவ்வளவு வேகமாகப் போகும்னு நினைக்கிறே?" என்று கேள்வியாகக் கேட்டேன். "ரொம்ப வேகமா, தாத்தா!" என்று சந்தோஷமாகச் சொன்னான். வாளி நிறைய தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. அந்த நேரம் பார்த்து நம் போதகர் சாவு வீட்டுக்குக் கிளம்பி, வெள்ளைச் சட்டையும் கறுப்பு சுலு வேட்டியுமாகக் குறுக்கே வர வேண்டுமா? வாளி அவர் தோளில் மோதிக் கவிழ்ந்தது. பச்சைச் சட்டையோடு நின்று என்னை மட்டும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்கப் பொறுமையைப் பற்றி. பேசும்போது வேறு யாரையும் பார்க்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த பாடத்தில், தங்கள் ஊரில் உள்ள ஒரு குறையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, அதற்கு வழி கண்டுபிடித்து, மாதிரி செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. குப்பைத்தொட்டி என்பார்கள், கோழிக்கூடு என்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றேன். அகனிசி கை தூக்கினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடு, பதினொரு வயது, கண்ணை இமைக்காமல் பேசுகிற பெண். "பாலம், தாத்தா" என்றாள். "எந்தப் பாலம்?" என்றேன். நைவாகாவில் இருப்பது ஒரே ஒரு நடைபாலம். அதை இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கட்டியது யார் என்று உனக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரில் என் பெயரே இருக்கிறது. "மழை பெஞ்சா அது முழுகிடுது தாத்தா. மரக்கிளையெல்லாம் வந்து மாட்டிக்குது. அப்புறம் தண்ணி பள்ளிக்கூடத்துக்குள்ள வருது. போன மழைக்காலத்துல நாங்க பதினேழு நாள் வரல" என்றாள். நான் வகுப்பைப் பார்த்து, "வேற யாருக்காவது வேற குறை இருக்கா?" என்று கேட்டேன். பத்தொன்பது பேரும் ஒன்றாக, "பாலம்!" என்றார்கள்.

அன்றைக்கே நான் தலைவலி என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. தலைமை அலுவலகத்தில் வரைந்து கொடுத்த உயரம் அது, ஒரு அங்குலம் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரமில்லை, மேலே காட்டில் மரம் வெட்டுகிறவர்கள்தான் ஆற்றைக் கெடுத்தார்கள் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு என் பாலத்தைப் போலவே ஒரு சின்னப் பாலம் செய்ய வேண்டும் என்று என்னிடமே அளவு கேட்டார்கள். தூணுக்குத் தூண் எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு. நானும் ஒரு பைத்தியக்காரன், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

சோதனை நாள் போன வியாழக்கிழமை. உனைசி ஊரையே கூப்பிட்டுவிட்டார். ஊர்த்தலைவர், போதகர், தாய்மார்கள், லம்பாசாவிலிருந்து உங்கள் துறை அதிகாரி ஒருவர். மைதானத்தில் வாய்க்கால் வெட்டி, மேட்டில் ஆறு டிரம்மில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். முதலில் என் பாலம். மூங்கிலில் செய்து, சிவப்புப் பெயிண்டில் 'தாத்தா பாலம்' என்று எழுதி, ஆள் கணக்குக்கு மேலே நான்கு மீன் டின்களை அடுக்கியிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், வேலை சுத்தம். வைசேயா டிரம்மைச் சாய்த்தான், அகனிசி தண்ணீரில் சுள்ளிகளைப் போட்டாள். ஒரு சுள்ளி கைப்பிடியில் மாட்டியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஒரு கூடைச் சுள்ளி. தண்ணீர் அணை கட்டினாற்போல் ஏறி, கரை தாண்டி, அதிகாரியின் செருப்பை நனைத்து, கடைசியில் என் பாலத்தை அடியோடு தூக்கிக்கொண்டு பன்றிக் கொட்டகை வரை போய்ச் சேர்ந்தது. நாற்பது விநாடி, மச்சான். லம்பாசாக்காரர் கடிகாரம் பிடித்தார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. உன் தங்கையும் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் பாலங்கள். பிளாஸ்டிக் புட்டிகளில் மிதந்த பாலம் டின்களோடு குப்புறக் கவிழ்ந்தது. கயிற்றுப் பாலம் ஊஞ்சலாடியது. அகனிசியின் பாலம் உயரமானது, நடுவில் தூண் இல்லை, கைப்பிடியைப் பழைய ரப்பர் செருப்புத் துண்டில் கீல்போல் பொருத்தியிருந்தாள். சுள்ளி வந்து முட்டியதும் கைப்பிடி படுத்துக்கொண்டது, சுள்ளி மேலே வழுக்கிப் போனது, கைப்பிடி மறுபடி எழுந்து நின்றது. ஆறு டிரம்மும் காலியாகியும் ஒரு டின்கூட விழவில்லை. என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "கட்டிடத்தில் தப்பில்லை, ஆற்றில்தான் தப்பு" என்று ஆரம்பித்தேன். அகனிசி கை தூக்கினாள். கிண்டலில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள். "நீங்க கட்டுறதுக்கு முன்னாடி ஆறு அங்க இல்லையா, தாத்தா?"

நான் வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து என் பிழைப்பு நாய்ப் பிழைப்பு. சாயங்காலம் யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்காரப் போனால், மச்சான் முறைக்காரர்கள் எல்லாம் ஒன்றுகூடி, "அபிசாய் வர்றான், பாயை இழுத்துக் கட்டுங்கப்பா, அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்கிறார்கள். சிரட்டையை நீட்டினால், "நீ தொடாதே மச்சான், ஏதாவது வந்து அடைச்சுக்கும்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் உன் தங்கை, "பாலம் போனதுகூட எனக்குப் பெருசா தெரியலை. அது போறப்ப நீங்க பின்னாடியே ரெண்டடி ஓடினீங்க பாருங்க, அதை நினைச்சாத்தான் சிரிப்பை அடக்க முடியலை" என்கிறாள். அறுபத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? நான் கட்டியது நிற்கிறது என்பதுதான். அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் நான் வியாழக்கிழமை வகுப்பிலிருந்து விலகுகிறேன். பெட்டியை உனைசியிடம் ஒப்படைத்துவிடுவேன். என் இடத்துக்கு வேறு யாரையாவது போடு, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் யாராவது இருந்தால் நல்லது. இந்த முடிவில் மாற்றம் இல்லை. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் மரியாதை, உனக்கு மட்டும் ஆண்டவர் என்ன கொடுக்க நினைக்கிறாரோ அதைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் இந்தக் கதிக்கு ஆளான,
அபிசாய்.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: கடிதம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிடித்த மழை, தபால் பஸ் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில், நடுவில் என் பாலம் தண்ணீருக்கு அடியில். புதன் காலை தபாலைப் பற்றிக் கேட்கலாமென்று ஆற்றுக்குப் போனேன். அந்தக் கரையில் ஆறு பிள்ளைகள் யூனிஃபார்மோடு வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூப்பிடவில்லை, அழவில்லை. பள்ளி மணி அடிக்கிறவரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இருபத்தெட்டு வருடமாக மழை பெய்தால் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன் மச்சான். பள்ளி நேரத்தில் ஆற்றங்கரைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை வெள்ளம் இறங்கியது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன், ஆனால் வகுப்பில் நின்றதும் வேறொன்று வாயில் வந்துவிட்டது. இதை உன் தங்கையிடம்கூட நான் சொன்னதில்லை. அலுவலகம் கொடுத்த படத்தில் பாலம் இன்னும் முக்கால் மீட்டர் உயரம். சிமெண்ட் தீர்ந்துவிட்டது, அடுத்த படகு வர இரண்டு வாரம், திறப்பு விழாவுக்கு நாள் குறித்துப் பன்றிகளையும் வெட்டிவிட்டார்கள். நான்தான் தாழ்த்திக் கட்டினேன். சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றேன். யாரும் திடுக்கிடவில்லை. வைசேயா நோட்டில் எழுதிக்கொண்டான். அகனிசி பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முக்கால் மீட்டர் கூட இருந்தாலும் பத்தாது தாத்தா. ஒன்றரை வேணும். போன மழையில தண்ணி ஏறுன கறை மரத்துல இருக்கு, அளந்துட்டோம்" என்றாள். அதாவது நான் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் தப்பாகத்தான் கட்டியிருப்பேன். அதைக் கேட்டு ஏன் எனக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்து சிரித்தேன். உனைசி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இத்துடன் பிள்ளைகள் எழுதிய விண்ணப்பத்தை வைத்திருக்கிறேன். பழைய பாலத்தை இடித்துவிட்டு, இணைத்துள்ள படத்தின்படி புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தபாலில் போடாதே, என் பழைய தலைமை அலுவலகத்துக்கு உன் கையாலேயே கொண்டுபோய்க் கொடு, பதில் வாங்காமல் வராதே. மேலே எழுதிய விலகலை அடித்துவிடு. அடுத்த வாரம் கைப்பிடிக்கு நிஜக் கீல் செய்து பார்க்கப் போகிறோம், ரப்பர் கிடைத்தால் அனுப்பு. விண்ணப்பத்தில் ஓர் என்ஜினியரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாசித்துப் பார்த்தேன். 'குறைக்குக் காரணம்' என்ற இடத்தில், 'கட்டியவர் அவசரப்பட்டார்' என்று எழுதியிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.