கவர் போட்ட வண்டி

மறுநாள் பதினோரு மணிக்கு வண்டியைச் சோதிக்க ஆபீசர் வருகிறார் என்றதும் ஹனீஃபா வாசலுக்கு ஓடினார். வாசலில் நின்ற மூன்று சக்கர வண்டியில் மகள் மெஹ்னாஸ் இல்லை, எட்டுத் தண்ணீர்க் குடங்கள் உட்கார்ந்திருந்தன.

போலியோவில் கால் போன மெஹ்னாஸுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் கொடுத்த வண்டி அது. கையால் பெடலைச் சுற்றி, தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போய்வருவாள். தினமும் வேலைக்குப் போகுமுன், தெருமுனையில் தண்ணீர் லாரி வந்ததும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தண்ணீர் எடுத்துவருவாள். அந்தக் கோடையில் பம்மல் கிணறுகள் காய்ந்து கிடந்தன.

"புது ரூலு வந்துகீது. வூடு வூடா செக்கிங். வண்டிய வேற வேலைக்கு வுட்டா புடுங்கிகினு போயிடுவாங்க" என்று டீக்கடை ஞானையா கொளுத்திப் போட்டிருந்தார்.

"நானும் போறேன், தண்ணியும் வருது. இதுல இன்னா தப்பு அத்தா?" என்றாள் மெஹ்னாஸ்.

"வண்டி போச்சுன்னா வேலையும் போச்சு. அப்புறம் வூட்டுல குந்திகினு செவுத்தையே பாரு."

குடங்களை இறக்கினார். எல்லாவற்றிலும் பெயிண்டில் சொந்தக்காரர் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் லாரியடியில் அடிதடிதான். ஹனீஃபாவுக்குப் படிக்க வராது, நிறத்தை வைத்துத்தான் அடையாளம்.

"பின்தெரு மாடி வூட்டம்மா நாளைக்கு தண்ணி கேக்குமே?" என்றாள் எதிர்வீட்டுக் கங்கையம்மாள்.

"ஒரு நாள் பொறுக்கச் சொல்லுக்கா. குடத்தையெல்லாம் உங்க வூட்டுல ஒளிச்சு வை."

குடம் உரசிய கீறல் தெரிந்தது. பச்சை பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் பளபளத்ததும் தேய்ந்த டயர் காட்டிக்கொடுத்தது. மச்சான் ஷாகுல் கடையில் பழையதைப் போட்டுவிட்டுப் புது டயர் மாட்டினார். அப்புறம் சீட் கண்ணை உறுத்தியது. புது சீட் போட்டு, அழுக்காகாமல் இருக்க பிளாஸ்டிக் கவரும் சுற்றினார். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்துவிட்டார்.

"வேதாசலம், பி.ஏ." என்றார், பட்டத்தோடு. உடனே செல்போன் அடித்தது. "தண்ணி வரலைன்னா நான் என்ன பண்றது? டூட்டில இருக்கேன், வை."

வண்டியைத் தொட்டார். விரல் பச்சையானது.

"ரெண்டு வருஷமாச்சு. இன்னும் கவரே பிரிக்கலியா?"

"கொழந்த மாதிரி வெச்சிகினு கீறோம் சார்" என்றார் ஹனீஃபா பெருமையாக. "தரையிலயே வுடறதில்ல."

"அதுக்குத்தான் இப்ப புது ரூல். ஓட்டாத வண்டியை எல்லாம் வாங்கி, கேட்டுக் காத்துக்கிட்டிருக்கிறவங்களுக்குக் கொடுக்கணும்" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

ஹனீஃபா அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினார்.

"பொய் சொல்லிட்டேன் சார். தெனம் ஓடுது. தெருவுக்கே இதுலதான் தண்ணி."

"பழைய டயர் எங்கே?"

"குடுத்துட்டேன்."

"குடமெல்லாம்?"

"ஒளிச்சு வெச்சுட்டேன்."

"நல்லா இருக்கு கதை."

உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மெஹ்னாஸ் காய்த்துப்போன இரண்டு கைகளையும் நீட்டினாள். "பெடல் சுத்துன கை சார். பாருங்க."

"தோல் தைச்சாலும் கை காய்க்கும்மா" என்றார் ஆபீசர். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரூல் ரூல்தான்.

மெஹ்னாஸ் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஹனீஃபா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடி செல்போன் அடித்தது. ஆபீசர் அதை அணைத்துவிட்டு, 'வண்டியைத் திரும்பப் பெற' என்பதுவரை எழுதினார்.

அப்போது கங்கையம்மாள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என இரண்டு மஞ்சள் குடங்களோடு விறுவிறுவென்று வந்தாள். கவரைக் கிழித்து எறிந்துவிட்டு, குடங்களை வண்டியில் ஏற்றினாள். ஆபீசர் குனிந்து அவற்றைப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

"இன்னா சார், குடத்தப் படிச்சிகினு கீற? கொஞ்சம் நவுரு" என்றாள் கங்கையம்மாள். "பின்தெரு மாடியில இந்த வேதாசலம் பி.ஏ. வூட்டம்மா, தண்ணி இல்லாம காலைலேந்து கத்திகினு கீது. போன் போட்டா வூட்டுக்காரரு கட் பண்ணிடறாராம்."