பதினாறாம் பக்கம் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் உங்கள் மாத்திரை டப்பாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நாலாம் வகுப்போடு நின்ற உன் தம்பியை இங்கே நூலகத்தில் ‘படிச்சவரு’ என்று கூப்பிடுகிறார்கள். சிரிக்காதே, மேலே படி.

ஓய்வு பெற்ற மறுநாளே உன் தம்பி பெண்டாட்டி என் நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் பெருக்கினாள். மூன்றாம் நாள், “உங்களையும் சேத்துப் பெருக்கிடுவேன்” என்றாள். அதனால்தான் நூலகத்துக்குப் போனேன். அங்கே யார் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் தெரியாது? முப்பத்தாறு வருஷம் பைண்டிங் கூடத்தில் உட்கார்ந்தவன் நான். பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகி வரும் தாளை மடிப்பதுதான் வேலை. அந்தப் பதினாறுக்கு ஃபாரம் என்று பெயர். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் ஃபாரம் எனக்கு, மடித்துக்கொண்டே படித்துவிடுவேன். இரண்டாவது ஃபாரம் கூடத்தின் அந்தக் கோடியில், குண்டு அண்ணன் மேஜையில். எழுந்து போய்ப் பார்க்கலாமென்றால் மேஸ்திரியின் கண் முதுகில் ஆணி அடிக்கும். ஆக, ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். பிடித்தார்களா என்று மட்டும் தெரியாது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அங்கே தினமும் வருவார். ஒருநாள் என்னை மடக்கினார். “இந்த நாவலோட முடிவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“சார், நாலு பேர் உக்காந்திருக்காங்க. முடிவைச் சொல்லி அவங்க ருசியைக் கெடுக்கலாமா?”

மனிதர் அசந்துபோனார். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலி எனக்கு.

போன வாரம் நூலகர் அம்மா அறுபது புத்தகங்களைக் கயிற்றால் கட்டி வாசலில் வைத்தார். பத்து வருஷமாக யாரும் எடுத்துப் போகவில்லையாம். சனிக்கிழமை பழைய பேப்பருக்குப் போகுமாம். அக்கா, அதில் முக்கால்வாசி நான் மடித்தது. மடிப்பைத் தொட்டாலே என் நகம் சொல்லிவிடும். நான் பெற்றதை எடைக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேனா? “இதெல்லாம் நான் படிச்சதும்மா! ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்றேன்!” என்று கத்திவிட்டேன். தலைமையாசிரியர் உடனே எழுந்து, “நல்லது. சனிக்கிழமை காலைல கூட்டம் போடுவோம். நீங்க கதையைச் சொல்லுங்க, வெச்சுக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்” என்றார். கதையை! முழுசாக!

அப்போது கைகொடுத்தது நீதான். சின்ன வயசில் எனக்குக் கதை படித்துக் காட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? புலி பாய்கிற நேரம் பார்த்துப் புத்தகத்தை மூடி, “ஒரு குடம் தண்ணி கொண்டா, அப்புறம் சொல்றேன்” என்பாய். நான் தளும்பத் தளும்ப ஓடிவருவதற்குள் நீ படித்து முடித்துவிட்டு, “செத்துப்போச்சு” என்பாய். புலியா ஆளா என்று சொல்ல இன்னொரு குடம். நம் வீட்டுத் தொட்டி நிரம்பியதே அந்தப் புலியால்தான். உன் வித்தையையே கையில் எடுத்தேன்.

சனிக்கிழமை நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கி, முதல் ஃபாரத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, பதினாறாம் பக்கத்தில் டப்பென்று மூடினேன். “கிணத்துல எட்டிப் பாத்தா, உள்ளேருந்து யாரோ அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க.” டப்!

“யாருங்க அது?” என்றார் தையற்கடைக்காரர்.

“எடுத்துட்டுப் போய்ப் படிங்க.”

“யோவ், சொல்லித் தொலைய்யா!”

“பதினேழாம் பக்கத்துல இருக்கு.”

பிடுங்கிக்கொண்டு போனார். மருந்துக்கடை அம்மா மூன்று எடுத்தார். தபால்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அதன் முதுகு பிளக்கப் பார்த்தது; கிழிந்தால் நானே தைத்துத் தருகிறேன் என்று விலக்கிவிட்டேன். மத்தியானத்துக்குள் வாசலில் வெறும் கயிறுதான் கிடந்தது.

தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை நூலகக் குழுவில் சேர்க்கப் போகிறாராம். சேர்ந்துவிட்டால், இனி என்னைக் கேட்காமல் ஒரு புத்தகத்தையும் கயிற்றில் கட்ட முடியாது. அதனால் அந்தப் பதினாறு பக்க ரகசியம் உன்னோடு இருக்கட்டும். அவர் காதில் மட்டும் விழுந்துவிடக் கூடாது.

மாமாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்காவது தண்ணீர் கேட்காமல் கதையை முடி.

இப்படிக்கு,
பாதியில் நின்றாலும் நிமிர்ந்து நிற்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: படித்தவன் என்று பெயரெடுத்தவன் கடிதத்தில் பிழை இருந்தால் அசிங்கமாயிற்றே என்று, ஒட்டுவதற்கு முன்னால் இதைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தேன். யாரிடம் கொடுத்தேன் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இன்று காலை தலைமையாசிரியர் திருப்பித் தந்தார். அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: “பிழைகள் பதினான்கு. நாற்பது வருடமாகக் கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் படித்தே அறிஞன் என்று பெயர் வாங்கியவன் நான். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்வோம்.”