சுத்தம் சார் கிருமி வளர்க்கிறார்

சோதனைக் குழாயில் இருந்த தண்ணீர் அன்றைக்கும் பச்சையாகவே இருந்தது. மஞ்சளாக வேண்டும். சுத்தம் சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பச்சைதான்.

"என்னங்க, மஞ்சளா?" சமையலறையிலிருந்தே கேட்டாள் மனைவி.

"மஞ்சள் கலந்த பச்சை."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

கூடத்தின் நடுநாயகமாக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புநீர், வெள்ளை வெளேரென்ற கற்கள், விளக்கு, பம்ப். மீன் மட்டும் இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல்மீன், ஒரு ஜோடி. அதற்காகத் தொட்டி வந்தது. தொட்டிக்கு இடம்விட்டு மாமனாரின் சாய்வு நாற்காலி பால்கனிக்குப் போனது. "நம்ம கல்யாண நாளுக்குள்ள மீன் வரலைன்னா, தொட்டி பால்கனிக்கு, அப்பா கூடத்துக்கு" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மீன்கடைக்காரர் ஆரம்பத்திலேயே பொறுமையாக விளக்கியிருந்தார்.

"மீனோட கழிவு, மிச்சம் வைக்கிற தீனி எல்லாம் அமோனியாவா மாறும் சார். அது விஷம். ஒரு வகைக் கிருமி அதைத் தின்னு நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட் ஆக்கும். அது கொஞ்சம் இருந்தா மீன் தாங்கிக்கும். இந்த ரெண்டு கிருமிக்கும் வீடு எது தெரியுமா? கல்லு! அதனால ஓட்டை ஓட்டையா, தூக்கினா லேசா இருக்கிற கல்லாப் பாருங்க. மீன் விடறதுக்கு முன்னாடியே சொட்டுச் சொட்டா அமோனியா ஊத்திக் கிருமியை வளர்க்கணும். தண்ணியைக் குழாயில எடுத்து மருந்து சொட்டிப் பாருங்க: அமோனியா இருந்தா பச்சை; ஊத்தினது தானாக் காணாமப் போய் மஞ்சளாச்சுன்னா, கல்லுல ஆள் குடிவந்தாச்சுன்னு அர்த்தம்."

"கிருமியை... வளர்க்கணுமா?"

சுத்தம் சார் கடை மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். லிப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துகிறவர். 'சுத்தம் சார்' என்ற பெயர் அங்கே வைத்ததுதான்.

வைரம் பொறுக்குவது போல, காய்ந்த வெள்ளைக் கற்களாகப் பொறுக்கினார். கடைக்காரர் தன் தொட்டிக்குள் கையை விட்டு, பழுப்பேறி வழவழவென்றிருந்த ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.

"இதையும் சேர்த்துப் போடுங்க. பழைய கல்லு. இதுல ஒரு ஊரே இருக்கு."

அந்த ஊரிலிருந்து ஒரு புழு தலையை நீட்டிச் சுத்தம் சாரை விசாரித்தது. கொடுத்ததை மறுக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உப்புநீர் நிரப்பிய வாளியில் போட்டு, ஒரு பழைய பம்பையும் சொருகி, மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தோடு அதை மறந்தும் போனார்.

தொட்டியில் அமோனியா சொட்டிவந்த கொஞ்ச நாளில் வெள்ளைக் கற்களின் மேல் பழுப்பாக ஏதோ படர்ந்தது. சுத்தம் சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கற்களை வெளியே எடுத்து, வெந்நீரில் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்துபொந்தெல்லாம் தேய்த்தார். கற்கள் பளிச்சென்று ஆயின. குழாயில் பச்சை.

கடைக்காரரிடம் போய்க் கிருமி அடைத்த பாட்டில் ஒன்று வாங்கிவந்து ஊற்றினார். ஊற்றியதும் உடம்பெல்லாம் ஊறல் எடுத்தது. கூடத்தில் அத்தனை கிருமி! கையோடு தொட்டிக்குள் கிருமி கொல்லும் ஊதா விளக்கு ஒன்றையும் மாட்டிவிட்டார். நல்ல கிருமியை அது ஒன்றும் செய்யாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. விளக்கு அடையாள அட்டை கேட்டா அடிக்கும்? குழாயில் கரும்பச்சை.

"கல்லுலதான் கோளாறு. கண்ட கிருமியும் உள்ள உட்கார்ந்திருக்கு" என்று முடிவு கட்டி, கற்களைப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். ட்ரேயில் அடுக்கி, பச்சைத் துணியில் பொதிந்து, நீராவி எந்திரத்துக்குள் தள்ளினார். மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"சார், ஆபரேஷன் தியேட்டர்லருந்து நர்ஸ் பேசறேன். கிட்னிக் கல்லு ஆபரேஷனுக்கு ட்ரேயைப் பிரிச்சா உள்ள கல்லு இருக்கு."

"எவ்வளவு பெருசு?" என்றார்.

"தேங்காய் பெருசு சார். நோயாளிக்கு இன்னும் மயக்க மருந்தே குடுக்கல, அதுக்குள்ள கல்லை யாரு வெளிய எடுத்ததுன்னு டாக்டர் கேக்கறாரு."

சரியான ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது கற்களைக் குழந்தையைப் போல் அணைத்தபடி வந்தார். வழியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள்.

இத்தனை அமளியிலும் மாமனார் மட்டும் நாற்காலி போனதைப் பற்றி ஒரு வார்த்தை முனகவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட பால்கனிக்கே எடுத்துப் போனார். சுத்தம் சார் உப்புநீர் கலக்கும்போதெல்லாம் சொம்போடு வந்து நிற்பார்.

"எதுக்கு மாமா?"

"தொண்டைக்கு, மாப்பிள்ளை."

கல்யாண நாளும் வந்தது. குழாயில் பச்சை. சுத்தம் சார் அதை மனைவியிடம் காட்டினார். அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. "விடுங்க, புடவை எடுத்துக் குடுங்க" என்றாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

"மாமா, எழுந்திருங்க. நாற்காலியைக் கூடத்துக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று பால்கனிக்குப் போனார்.

மாமனார் பதறினார். "எதுக்கு? எனக்கு இங்கதான் காத்து நல்லா வருது!"

"நீங்க எனக்காக விட்டுக்குடுத்தது போதும் மாமா."

இவர் நாற்காலியை இழுக்க, அவர் கைப்பிடியைப் பிடிக்க, வாளியை மூடியிருந்த துண்டு நழுவி விழுந்தது.

பழுப்புக் கல்லில் இப்போது ஊதா நிறப் பாசித் திட்டுகள். புழு சௌக்கியம். அதைச் சுற்றி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"அப்பா!" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"தனியா உட்கார்ந்து பொழுது போகலம்மா. போன மாசம் வாங்கிட்டு வந்தேன். சொன்னா கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எனக்கு யாரு துணை?"

அவள் வாளியருகே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீருமாக, "நாற்காலியும் கூடத்துக்கே வரட்டும்ப்பா, தொட்டிக்குப் பக்கத்துல" என்றாள்.

சுத்தம் சார் உள்ளே ஓடிப்போய்ச் சோதனைக் குழாயைக் கொண்டுவந்தார். வாளித் தண்ணீரைக் குழாயில் எடுத்து, மருந்தைச் சொட்டிக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தார். எலுமிச்சை மஞ்சள்.

"மாமா... என்ன பண்ணீங்க?"

"நான் என்னத்தைப் பண்ணேன்? அந்தக் கல்லை நான் ஒரு தடவைகூடக் கழுவல, மாப்பிள்ளை."